சோபா மெத்தைக்கு அடியில் ஓர் உடைந்த கிண்ணம்

மாமியாருக்குப் பிறந்த நாள். வீடே பரபரப்பாக இருக்கிறது. வேலைக்கார அம்மாள் கை தவறி ஒரு கிண்ணத்தைக் கீழே போட்டு உடைத்துவிடுகிறார். நல்ல நாளும் அதுவுமாகப் பாத்திரம் உடைந்தது பெரியவருக்குத் தெரிந்தால் மனம் சங்கடப்படும், உடைத்தவருக்குத் திட்டு விழும், அன்றைய பொழுதே கெட்டுப்போகும். மருமகள் சட்டென்று சில்லுகளைச் சேர்த்து சோபா மெத்தைக்கு அடியில் ஒளித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத முகத்தோடு நிமிர்கிறாள். 1947இல் ஷாங்காயில் எடுக்கப்பட்ட 'தைதை வான்சுய்' என்ற மாண்டரின் நகைச்சுவைப் படம் இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவர் ஆங்கிலத்தில் ஐலீன் சாங் என்று அறியப்படும் சீனப் பெண் எழுத்தாளர் ஜாங் ஐலிங், இயக்கியவர் சாங் ஹூ. அந்தக் காலத்து ஷாங்காயின் வென்ஹுவா நிறுவனம் தயாரித்தது.

இந்தப் படத்தை நான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை பார்த்து ஆறு வருடங்கள் இருக்கும். இணையத்தில் ஆங்கில சப்டைட்டிலோடு கிடைத்தது. பாதி வரைக்கும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, முடிவைப் பார்த்ததும் கோபத்தோடு கணினியை மூடி வைத்தேன். இரண்டாவது முறை பார்த்தது போன வருடம், எங்கள் வீட்டில் ஒரு விஷயம் தெரியவந்த பிறகு. இந்த இரண்டு முறைக்கும் நடுவில் என் கருத்து தலைகீழாக மாறிவிடவில்லை. ஆனால் முன்பு இருந்த பிடிமானம் இப்போது இல்லை. அது ஏன் என்று எழுதிப் பார்த்தால் பிடிபடுமோ என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்தத் தலைப்பு. 'வான்சுய்' என்றால் நேர்ப்பொருளில் பத்தாயிரம் ஆண்டு. பேரரசர்களை வாழ்த்தச் சொன்ன சொல். நம் பெரியாழ்வாரின் 'பல்லாண்டு பல்லாண்டு பல்லாயிரத்தாண்டு' காதில் விழுகிறது, இல்லையா? 'தைதை' என்பதை வெறுமனே மனைவி என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமாகி, ஒரு வீட்டை நடத்துகிற, வேலையாட்கள் 'அம்மா' என்று கூப்பிடுகிற பெண். ஆக, 'வீட்டம்மாவுக்குப் பல்லாண்டு' என்று வைத்துக்கொள்ளலாம். அரியணைக்குச் சொல்ல வேண்டிய வாழ்த்தை அடுப்படிக்குச் சொல்கிற தலைப்பு.

கதாநாயகி சென் சிஜென். நடுத்தர வசதியுள்ள குடும்பத்தின் மருமகள். அவளுக்குத் தெரிந்த ஒரே கலை, எல்லோருடைய மனமும் கோணாமல் பொய் சொல்வது. கணவன் டாங் ஜியுவானுக்கு வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்க ஆசை. கையில் காசில்லை. சிஜெனின் அப்பாவிடம் இருக்கிறது, ஆனால் அவர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். சிஜென் அப்பாவிடம் போய், 'மாமியார் தங்கக் கட்டிகளைப் பதுக்கி வைத்திருக்கிறார்' என்று ஒரு போடு போடுகிறாள். பணம் வந்துவிடுகிறது. கணவன் விமானத்தில் ஹாங்காங் போகிறான். மாமியாருக்கு விமானம் என்றாலே பயம் என்பதால், கப்பலில் போயிருக்கிறார் என்று சொல்லி வைக்கிறாள். அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளில் விமான விபத்து என்று செய்தி வந்து தொலைக்கிறது. கணவனுக்குத் தொழில் ஓகோவென்று ஓடுகிறது. கையில் பணம் புரண்டதும் ஷி மிமி என்கிற பெண்ணின் வலையில் விழுகிறான். சிஜெனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதையும் மாமியாருக்குத் தெரியாமல் மறைக்கிறாள்.

படத்தில் என்னை மிகவும் சிரிக்க வைத்தவர் சிஜெனின் அப்பாதான். மருமகனை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று வீராப்பாகப் புறப்பட்டவர், போன இடத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பில் கரைந்துபோகிறார். அந்தக் கிழவராக நடித்த ஷி ஹுய்க்கு அப்போது வயது 32தான். ஆனாலும் முதுமை, கஞ்சத்தனம், சபலம் மூன்றையும் ஒரே முகத்தில் கொண்டுவருகிறார். பத்து வருடம் கழித்து, 1957இல், வலதுசாரி எதிர்ப்பு இயக்கம் என்ற பெயரில் சீனக் கம்யூனிஸ்ட் அரசு பலரை வேட்டையாடியபோது அவரும் குறிவைக்கப்பட்டார். கப்பலேறிப் போனவர் கடலில் பிணமாகத்தான் கிடைத்தார். மிமியாக நடித்த ஷாங்குவான் யுன்ஜு 1968இல், பண்பாட்டுப் புரட்சியின் கொடுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். இது தெரிந்த பிறகு அவர்கள் சிரிக்கும் காட்சிகளை முன்போல் பார்க்க முடியவில்லை. படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனாலும் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

சரி, முடிவுக்கு வருகிறேன். கூட இருந்தவன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓட, ஜியுவானின் நிறுவனம் திவாலாகிறது. மிமி பணம் கேட்டு மிரட்டுகிறாள். வீட்டில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சிஜெனே மிமியின் இடத்துக்குப் போகிறாள். மிமியின் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் உண்மையில் அவள் புருஷன் என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கணவனை மீட்டுவிடுகிறாள். மீட்ட பிறகு, 'போதும், விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம்' என்கிறாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1947! வக்கீல் அலுவலகம் வரைக்கும் போகிறார்கள். அப்புறம் ஒரு காபிக் கடையில் உட்கார்கிறார்கள். கணவன் ஒரு வைர ப்ரூச்சை, அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகையை, எடுத்துக் கொடுக்கிறான். பக்கத்தில் எங்கோ மிமி வேறொருவனுக்கு அதே சோகக் கதையை அதே கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருக்கிறாள். கணவனும் மனைவியும் அதைப் பார்க்கிறார்கள். விவாகரத்து இல்லை. படம் முடிந்துவிட்டது.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரியை, இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு, ஒரு ப்ரூச்சைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்களே! 'பழைய படம், பழைய புத்தி' என்று தோழி ஒருத்திக்கு அன்றிரவு எழுதினேன். அவள் ஒரே வரியில் பதில் அனுப்பினாள்: 'அவள் சந்தோஷமாகத் திரும்பினாள் என்று உனக்கு யார் சொன்னது?' அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. பதில் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை.

வேட்டி

இரண்டு வருடங்களுக்கு முன் அப்பா தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா திடீரென்று குரல் உடைந்து சொன்னார்: "நிலத்து விஷயத்துல நான் அவ்வளவு பேசியும், அண்ணன் மனசுல எதுவும் வெச்சுக்கல. சண்டை போட்ட வருஷத்துலேர்ந்து தீபாவளி தவறாம எனக்கு வேட்டி எடுத்து அனுப்பினாரு. அதைப் பாத்துதான் நானா வந்து பேசினேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் நாங்கள் கேட்டு வளர்ந்த கதை வேறு. அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளாத அந்த நாலைந்து வருடங்களில், தீபாவளிக்கு முந்தின வாரம் சித்தப்பாவிடமிருந்துதான் அப்பாவுக்கு வேட்டி வரும். "உங்க தம்பி குடுத்து விட்டிருக்காரு" என்று அம்மா கொண்டுவந்து வைப்பாள். அப்பா தொடாமல் இரண்டு நாள் வைத்திருப்பார். மூன்றாம் நாள் எடுத்துக் கட்டிக்கொள்வார். கட்டிக்கொண்ட அன்றைக்கு முகம் கொஞ்சம் இளகியிருக்கும்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா காலி டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். இரண்டு வேட்டியும் அவள் வாங்கியதுதான். அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. சித்தப்பாவுக்கு உள்ளதை, அந்த ஊர்ப் பக்கம் போகிற மாமா கையில் கொடுத்துவிடுவாள். அப்பாவுக்கு உள்ளதுதான் சிரமம். எங்கள் ஊர்க் கடையில் வாங்கியது என்று தெரியக்கூடாதே. கடைப் பையை மடித்து அடுப்படிப் பரணில் வைத்துவிடுவாள். வேட்டி உறையின் மேல் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டை நகத்தால் ஓரம் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உரிப்பாள். பிசின் தடம் நிற்கும். அதைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பாள். காசு? அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை ஹெம்மிங் செய்து, ஹூக் வைத்துக் கொடுத்ததில் சேர்த்தது.

"அப்பாகிட்டச் சொன்னியா, பின்னாடியாவது?"

"எதுக்கு? அதான் ரெண்டு பேரும் பேசிட்டாங்கல்ல."

"யாரும்மா உன்னைச் செய்யச் சொன்னா?"

"யாரும் சொல்லலியே" என்றாள் அம்மா. பெருமையாகவும் சொல்லவில்லை, புலம்பலாகவும் சொல்லவில்லை. மழை வரல என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது சோபா மெத்தைக்கு அடியில் போன அந்தக் கிண்ணச் சில்லுகள் நினைவுக்கு வந்தன. ஆனாலும் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

குடைமிளகாயின் காதுகள்

திரும்பப் பார்ப்பதற்கு முன் ஒரு வேலை செய்தேன். படம் வெளிவருவதற்குச் சில நாள் முன், 1947 டிசம்பர் தொடக்கத்தில், ஜாங் ஐலிங் இந்தப் படத்துக்காக ஒரு முன்குறிப்பு எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டிருந்தார். அதைத் தேடிப் பிடித்து மொழிபெயர்ப்பில் படித்தேன். படத்தை எழுதியவரே படத்தைப் பற்றி இப்படி எழுத முடியுமா என்று வியந்துபோனேன். விளம்பரம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஷாங்காயின் சந்து வீடுகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் சிஜெனைப் போல் பலர் இருக்கிறார்கள் என்கிறார். அவளுடைய வாசம் நமக்கு நன்றாகப் பழகியது, கீழ்வீட்டிலிருந்து எழும் அடுப்புப் புகைபோல, மத்தியானக் கனவுபோல, இலேசாக மூச்சு முட்டுவது என்கிறார். வேலைக்காரிக்குக் கை ஒழியாத நாளில் அவள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், மிளகாய் நறுக்குவாள். பச்சைக் குடைமிளகாயை இரண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு பாதியும் காதுபோல இருக்கும். உள்ளே இருக்கும் விதையையும் பஞ்சு போன்ற நாரையும் அவள் பொறுமையாக வழித்தெடுப்பது, எண்ணிக்கையில்லாத குழந்தைகளுக்குக் காது குடைந்துவிடுவதுபோல இருக்கிறதாம்.

இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அடுப்படியில் ஒரு பெண்ணின் கையை இவ்வளவு கிட்டப்போய்ப் பார்த்தவர், அவளைக் கேலி செய்யவும் இல்லை, தெய்வமாக்கவும் இல்லை. அவள் வெளியே போகும்போது நல்ல கோட்டு போட்டு, பையை மாட்டிக்கொண்டு, பவுடரும் உதட்டுச் சாயமுமாகச் சிரித்தபடி போவாள் என்று தொடர்கிறார். போகிற இடத்தில் கணவனைப் பற்றிப் பெருமை அடித்துவிடுவாள், பிறந்த வீட்டின் மானத்தைத் தூக்கிப் பிடிப்பாள், பரீட்சையில் தேறாத பிள்ளையை மூடி மறைப்பாள். யாரிடமும் மனம் விட்டு ஒரு வார்த்தை பேசுவது அபூர்வம். அதனாலேயே அவளுக்கு நல்ல சிநேகிதி என்று ஒருத்தி இருப்பதுகூடச் சந்தேகம்தான். படித்துக்கொண்டே வந்தவள் என் அம்மாவின் சிநேகிதிகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு விரலைக்கூட மடக்க முடியவில்லை. ரவிக்கை தைக்க வந்தவர்கள் நிறைய. மனம் விட்டுப் பேச வந்தவர்கள் யாரும் இல்லை.

அடுத்ததாகத்தான் என்னை இன்றுவரைக்கும் தொந்தரவு செய்யும் வாதத்தை அவர் வைக்கிறார். பழைய நூல்களில் போற்றப்பட்ட உத்தமிகளின் தியாகத்தோடு ஒப்பிட்டால் சிஜென் செய்வது சின்ன விஷயம். அவளிடம் புனிதத்தனமோ வீரமோ இல்லை. ஆனால் அந்த உத்தமிகளைவிட இவளைத்தான் புரிந்துகொள்வது கடினம் என்கிறார். நெருக்கடி எதுவும் இல்லாதபோது எதற்காக ஒருத்தி தன்னை இப்படி அடக்கிக்கொள்கிறாள்? அவளிடம் பெருமைக்குரியது ஏதாவது உண்டென்றால், அதெல்லாம் அவளாகச் செய்தது என்பதுதான். ஓர் அமைப்பின் பலியாக அவளை எண்ண முடியாது. இதுதான் ஜாங் ஐலிங் சொல்வது. கூடவே, இந்தப் பெண்ணை ஆதரிப்பதோ நியாயப்படுத்துவதோ தன் நோக்கம் இல்லை, இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று எடுத்து வைப்பது மட்டும்தான் என்றும் எழுதுகிறார்.

'யாரும் சொல்லலியே.' என் அம்மா சொன்னதும் அதேதான். ஆனால் இந்த இடத்தில் ஜாங் ஐலிங்கோடு என்னால் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் அது அவளாகச் செய்தது ஆகிவிடுமா? வீட்டில் இரண்டு ஆண்கள் முறைத்துக்கொண்டு நிற்கும்போது, அந்த மௌனம் யார்மேல் வந்து இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா கடுகடுத்தால் அது அம்மாவின் தட்டில்தான் விழும். பாட்டி புலம்பினால் அது அம்மாவின் காதில்தான் விழும். பொய் சொல்லாவிட்டால் நிலவும் புழுக்கத்தில் அதிகம் வேகப்போவது அவள்தான் எனும்போது, அவள் சொன்ன பொய்யை 'தானாகச் செய்தது' என்று எப்படிச் சொல்வது? இதை எழுதும்போதே, அவள் முழுக்க முழுக்கப் பலியாடு என்று சொன்னாலும் தப்பு என்று தெரிகிறது. விலைச் சீட்டை எண்ணெய் தொட்டுத் துடைத்த அந்தக் கையில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஒரு ரசனைகூட இருந்தது என்பேன். அதைப் பறித்துவிட்டு அம்மாவை நான் பார்க்க விரும்பவில்லை.

பொய் சொல்வதற்கு வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. சொல்பவர்கள் 'புரைதீர்ந்த நன்மை' என்பதில் முதல் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குற்றம் சிறிதும் இல்லாத நன்மை. சிஜெனின் பொய்களில் அப்படி ஒன்றுகூட இல்லை என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் உறைத்தது. தங்கக் கட்டி என்று அவள் சொன்ன பொய்யால் அப்பாவின் பணம் வந்தது. அந்தப் பணத்தால் கணவனின் தொழில் வந்தது. அந்தத் தொழிலால் மிமி வந்தாள். தன் துக்கத்துக்கான முதலீட்டைத் தானே பொய் சொல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறாள் சிஜென். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுவதில்லை. கதை சிரிக்கச் சிரிக்க ஓடுகிறது, கணக்கு உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போகிறது.

3 லட்சம் யுவான்

படம் 1947 டிசம்பரில் வெளியாயிற்று. பத்திரிகைகளில் அடி விழுந்தது. நாடு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு வீட்டம்மாவின் சமாளிப்புகளைப் பற்றிப் படமா என்ற கோபம் அதில் தெரிகிறது. ஜாங் ஐலிங்கின் முன்குறிப்பை வெளியிட்டபோது அவர் நம் காலத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை நாடக எழுத்தாளர்களில் ஒருவராக வருவார் என்று பாராட்டி எழுதிய ஹோங் ஷென் என்ற நாடக ஆசிரியர், அடுத்த மாதமே ஒரு நீண்ட மறுப்பை எழுதினார். 'இந்த அன்பை ஏற்க விரும்பாததற்கு மன்னிக்கவும்' என்று தலைப்பு. ஒரு கணவனின் பதில் என்று துணைத்தலைப்பு. கணவர்கள் சார்பில் ஒருவர் எழுந்து பதில் சொல்ல வேண்டிய அளவுக்கு ஒரு நகைச்சுவைப் படம் போய் இடித்திருக்கிறது என்றால், அது வெறும் சிரிப்புப் படம் இல்லை.

என்னை நிறுத்திப் போட்டது இதுவும் இல்லை. அந்த வருடம் ஜாங் ஐலிங்கின் சொந்த வாழ்க்கையில் நடந்தது. 1944இல் அவர் ஹூ லான்செங்கைத் திருமணம் செய்துகொண்டார். ஜப்பானியர்களுக்கு அடங்கிய வாங் ஜிங்வெய் அரசில் பதவி வகித்தவர் ஹூ. போர் முடிந்ததும் தலைமறைவானார். மறைந்திருந்த காலத்திலும் அவருக்கு வேறு பெண்கள் இருந்தார்கள். 1946இல் ஜாங் ஐலிங் அவரைத் தேடி வென்ஜோ நகரத்துக்கே போய், அங்கே இன்னொரு பெண்ணோடு அவர் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினார். உடனே உறவை அறுக்கவில்லை. அவருக்கு ஆபத்து விலகும்வரை காத்திருந்தார், தொடர்ந்து பணமும் அனுப்பினார். 1947 ஜூன் மாதம்தான் முடிவான கடிதம் போயிற்று. இனி உங்கள்மேல் எனக்குப் பிரியம் இல்லை, தேடி வர வேண்டாம், எழுதினாலும் படிக்கமாட்டேன் என்ற பொருளில். அந்தக் கடிதத்தோடு 3 லட்சம் யுவான் பணமும் வைத்திருந்தார். பணவீக்கம் தலைவிரித்தாடிய காலம், லட்சம் என்றால் இன்றைய லட்சம் இல்லை. ஆனாலும் அது உழைத்துச் சம்பாதித்த காசு. திரைக்கதைகள் எழுதிக் கிடைத்த பணம், இந்தப் படத்தின் பணமும் அதில் சேர்த்தி என்று ஹூ பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

இதைப் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை. துரோகம் செய்த கணவனோடு திரும்பிப் போகிற ஒரு மனைவியைப் பற்றிக் கதை எழுதுகிறார். அதில் வந்த காசை, துரோகம் செய்த தன் கணவனுக்கு அனுப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறார். சிஜென் நின்றாள், சிஜெனை எழுதியவர் நிற்கவில்லை. விட்டுப் போகத் தெரியாதவர் எழுதிய முடிவு என்றுதான் ஆறு வருடங்களுக்கு முன் நான் நினைத்திருந்தேன். விட்டுப் போவது என்றால் என்ன, அதற்கு என்ன விலை என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், தெரிந்தே சிஜெனை அந்தக் காபிக் கடையில் உட்கார வைத்திருக்கிறார். இந்த முடிவு கிடைத்தும் அவளுக்கு அதில் அப்படி ஒன்றும் சந்தோஷம் இல்லை, நடுவயதின் சந்தோஷத்தில் ஒரு கசப்பு எப்போதும் கலந்தே இருக்கும் என்று முன்குறிப்பிலேயே எழுதியும் வைத்திருக்கிறார். என் தோழி கேட்ட கேள்விக்கு விடை எழுபது வருடங்களுக்கு மேலாக அங்கே இருந்திருக்கிறது.

இரண்டாவது முறை அந்தக் காபிக் கடைக் காட்சியைப் பார்த்தபோது நான் ப்ரூச்சைப் பார்க்கவில்லை. சிஜெனாக நடித்த ஜியாங் டியன்லியுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவனை ஏமாற்றிய மிமியும் பொய் சொல்லித்தான் பிழைக்கிறாள், தானும் பொய் சொல்லித்தான் வாழ்ந்திருக்கிறோம் என்பது அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியிருக்குமா? ஒருத்தி காசுக்காகச் சொன்னாள், இன்னொருத்தி வீட்டுக்காகச் சொன்னாள். ஒருத்தி அந்தக் கணவனிடமே சொன்னாள், இன்னொருத்தி அவனுக்காக மற்றவர்களிடம் சொன்னாள். அவன் மிமி சொன்னதை நம்பினான். சிஜென் சொன்னதைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை.

அனுப்புநர்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து சப்டைட்டிலைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கிண்ணக் காட்சி வந்ததும் அம்மா பதறிப்போய், "ஐயோ, சோபாவுல போய் வெக்கிறாளே, யாராவது உக்காந்தா குத்திடுமே! அரிசி டின்னுக்குப் பின்னாடி வெக்க வேண்டியதுதானே?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. படம் முடிந்ததும் சேர்ந்து வாழ்கிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அந்தப் பொண்ணு படம் பூரா ஒரு எடத்துல நிம்மதியா உக்காரவே இல்ல பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த பாலைப் பார்க்க எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் பீரோவிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். சித்தப்பாவுக்கு. முதல் வருடம் துக்கம் என்பதால் எதுவும் அனுப்பவில்லை, இந்த வருடம் விடக்கூடாது என்றாள். மாமாவுக்கு இப்போது முடியவில்லை, பார்சலில்தான் அனுப்ப வேண்டும், நீ எழுதிக் கொடு என்றாள். உறையின் மேல் விலைச் சீட்டு இருந்தது.

"அதை உரிச்சிடு. பிசின் தெரியாம."

"இப்ப தெரிஞ்சா என்னம்மா?"

"பழக்கம்" என்றாள்.

ஓரத்தை நகத்தால் நெம்பினேன். பாதியில் கிழிந்துவிட்டது. அம்மா வாங்கி, வாயால் ஊதி இலேசாக ஈரமாக்கி, மறுபக்கத்திலிருந்து ஒரே இழுப்பில் எடுத்தாள். பிறகு எண்ணெய்த் துணி. உறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத் தடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

பெறுநர் முகவரியை எழுதிவிட்டேன். அனுப்புநர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன். அவளும் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் எழுத வேண்டிய தேவையே வந்ததில்லை. நான் கேட்கவில்லை. அவள் பெயரை எழுதினேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்சலை வாங்கிப் பார்த்தாள்.

"என் பேர இவ்வளவு பெரிசாவா எழுதுவே?" என்றாள். மாற்றி எழுதச் சொல்லவில்லை.